பகைக்கு வாசித்த பதினான்கு பாகங்கள்

பதியுதீனுக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது. கந்தோரில் கோப்பு வாசித்தார், வீட்டில் பேப்பர் வாசித்தார், வெள்ளிக்கிழமைகளில் யாசீன் ஓதினார். அதற்கு மேல் எழுத்து அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர் முப்பத்தாறு வயதில், தலையணை தலையணையாகப் பதினான்கு பாகம் கொண்ட ஒரு மாயாஜாலக் கதையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துத் தீர்த்தார். ஆசையினால் அல்ல. காலிதீன் மேல் இருந்த கோபத்தினால்.

இருவரும் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில், ஓர் அரசாங்கக் கந்தோரில் எதிரெதிர் மேசையில் இருந்த கிளாக்கர்கள். 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு நாடெங்கும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சங்கக் கூட்டத்தில் இருவருமே கை தூக்கினார்கள். மறுநாள் காலை பதியுதீன் மற்றவர்களோடு கந்தோர் வாசலில் நின்றார். காலிதீன் ஒரு குடையை விரித்து, முகத்தை அதற்குள் மறைத்துக்கொண்டு, அவர்களைக் கடந்து உள்ளே போய்க் கையெழுத்து வைத்தார். அன்று மழையும் இல்லை, அவ்வளவு வெயிலும் ஏறியிருக்கவில்லை. மாலையில் அவர் வெளியே வந்தபோது பதியுதீன் அந்தக் குடையைத் தட்டிவிட்டு, சந்தைக்குப் போகிறவர்களும் நின்று பார்க்கும்படி, "கருங்காலி" என்றார்.

வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே பதவியை விட்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. பதியுதீனின் கதிரையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். காலிதீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதியுதீன் இருந்தது சாய்ந்தமருதில், மனைவி நஸீறாவின் வீட்டில். அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். மாதச் சம்பளம் வந்தவரைக்கும் அது யாருக்கும் நினைவில் இல்லை. சம்பளம் நின்ற பிறகு, ஒவ்வொரு கதவும் யாருடைய கதவு என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. நஸீறா சோறு வைப்பாள், கறி வைப்பாள், கதைக்கமாட்டாள். கதைத்தால் அது இப்படி இருக்கும்:

"சங்கம் சங்கம் எண்டு போனீங்களே, அந்தச் சங்கம் இண்டைக்கு ரெண்டு மீன் கொண்டு வந்து தருமா?"

பக்கத்து வளவில் இருந்த அவளுடைய வாப்பா அச்சிமுகம்மது, வயல் வைத்திருந்தவர், மருமகனுக்கு சலாம் சொல்வதைக்கூடச் சுருக்கிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கும் நேரம், கல்முனைச் சந்தைக்குப் பின்னால் இருந்த மசூரின் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டார்கள். காலிதீனைச் சுற்றி நாலைந்து பேர். அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், மெட்ராசுக்குப் புடவை வியாபாரத்துக்குப் போய்வருகிறவர். 'இருள்நாட்டு வமிசம்' என்ற கதையின் பதினான்கு பாகங்களையும் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். சூரியன் உதிக்காத ஒரு நாடு, அங்கே சேந்தன் என்றொரு குருட்டுத் தளபதி, மாகாளை என்றொரு சூனியக்காரி. காலிதீன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்கையும் தான் முடித்துவிட்டதாகவும், இந்தப் பகுதியில் வேறு எவனும் முடித்ததில்லை என்றும் சொன்னார்.

பதியுதீன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடியே, "கந்தோருக்குள்ள ஒளிச்சு இரிக்கிறவனுக்குப் பேய்க்கதை வாசிக்க நேரம் கிடைக்கும்தானே" என்றார்.

காலிதீன் திரும்பாமலே சொன்னார்: "வாசிக்கிறதுக்கு நேரம் இரிந்தா மட்டும் போதாது. தொடங்கினத முடிக்கத் தெரியணும். சில பேர் தொடங்குவாங்க. பொறகு பொஞ்சாதிட ஊட்டுல போய்க் குந்திக்கொள்ளுவாங்க."

பதியுதீன் எழுந்துவிட்டார். அடிதடியாகியிருக்கும். மசூர் இடையில் வந்து, தேத்தண்ணி வடியை இன்னும் கையில் பிடித்தபடி, இருவரையும் நெஞ்சில் தள்ளி நிறுத்தினார். அந்த நிலையிலேயே பந்தயம் பிறந்தது. அடுத்த நோன்புக்கு முன்னால் பதினான்கு பாகங்களையும் பதியுதீன் வாசித்து முடித்தால், காலிதீன் கந்தோர் வாசலில் நின்று எல்லாரும் கேட்க "நான் கருங்காலி" என்று சொல்லவேண்டும். முடிக்காவிட்டால், பதியுதீன் அதே வாசலில் நின்று, "வேலைய விட்டது என்ட மடத்தனம்" என்று சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகம். திருப்பிக் கொடுக்கும்போது காலிதீன் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது. சாட்சி மசூர்.

முதலாம் பாகம் பதியுதீனுக்கு வேம்பாகக் கசந்தது. சூரியன் உதிக்காத நாட்டில் நெல் எப்படி விளையும், சனங்கள் எதைத் தின்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஒரே பெயரில் மூன்று அரசர்கள். குதிரைகள் கதைத்தன. கோப்பு வாசிக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் விரலை வைத்து, ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தார்.

"வேல தேடிப் போற மனிசன் இல்ல, பூதம் தேடிப் போற மனிசன்" என்று நஸீறா கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னது, அவர் காதில் விழவேண்டும் என்றே சொன்னது.

புத்தகம் முடிந்ததும் காலிதீனின் வீட்டுக்குப் போனார். காலிதீன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். வந்தவரை இருக்கச் சொல்லவில்லை. காலிதீனின் மனைவி ஹாஜறா உள்ளேயிருந்து தேத்தண்ணி அனுப்பினாள். பதியுதீன் அதைத் தொடவில்லை.

"சேந்தன்ட வாளுக்கு என்ன பேர்?"

"பேரில்ல. பேர் வெச்சா அந்த வாள் அவன விட்டுப் போயிரும் எண்டு மாகாளை சொன்னவள்."

காலிதீன் இன்னும் பல கேள்விகள் கேட்டார். எதிலும் விழுத்த முடியவில்லை. இரண்டாம் பாகத்தைக் கையில் கொடுக்காமல், தரையில் வைத்துக் காலால் தள்ளிவிட்டார். பதியுதீன் குனிந்து எடுத்துக்கொண்டு போனார். பாதை முழுவதும் அந்தக் குனிவை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தார்.

பாகங்கள் இப்படியே போயின. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை, நாலாம் பாகத்தில் எங்கோ ஓரிடத்தில், கோபத்தோடு வாசித்துக்கொண்டிருந்தவர் கோபத்தை மறந்துவிட்டார். தாழை என்றொரு பெண் ஏழு கடலுக்கு அப்பால் சிறைப்பட்டிருக்கிற சூரியனைக் கொண்டுவரத் தோணியில் ஏறினாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டு நேரமும் மறந்துபோனது.

அது வயலில் வந்து முடிந்தது. கதிர் முற்றுகிற காலத்தில் அச்சிமுகம்மது மருமகனைப் பகல் காவலுக்கு அனுப்பினார். வாடிக்குள், காவல் குடிசைக்குள், ஐந்தாம் பாகத்தோடு உட்கார்ந்த பதியுதீன் தலையை நிமிர்த்தியபோது, பக்கத்துக் காட்டோரத்திலிருந்து வந்த பட்டி மாடுகள் ஒரு பெரிய துண்டு விளைச்சலை மேய்ந்து உழக்கி முடித்திருந்தன. மாமனார் வந்து பார்த்தார். மாடுகளையும் பார்த்தார், மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். புத்தகத்தைப் பிடுங்கி வாய்க்காலுக்குள் எறிந்தார்.

"இனி நீங்க என்ட வயலுக்கு வரத் தேவல்ல, மருமகன்" என்றார் பிறகு. "மாடு திண்டா மாடு எண்டு நினைப்பன். இது என்ன இனம் எண்டு எனக்கு விளங்கல்ல."

பதியுதீன் வாய்க்காலுக்குள் இறங்கிப் புத்தகத்தை எடுத்தார். வீட்டு முற்றத்தில் விரித்துக் காயவைத்தபோது அது இரண்டு மடங்காக உப்பிப்போனது. நஸீறா மீன் காயவைத்த பாயை இழுத்து அதற்குப் பக்கத்தில் வேண்டுமென்றே போட்டாள். காலிதீன் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "இது அஞ்சாம் பாகமா, கருவாடா?" என்று கேட்டு, பந்தயம் முறிந்தது என்றார். மசூர் தலையிட்டு, பேச்சு வாசிப்பைப் பற்றியது, புத்தகத்தின் உடம்பைப் பற்றியது அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். பந்தயம் தொடர்ந்தது.

எட்டாம் பாகத்தைத் திறந்தபோது பதியுதீன் திகைத்துப்போனார். அச்சகத்தில் மடித்த தாள்கள் வெட்டப்படாமல், மேல் ஓரத்தில் ஒட்டியபடியே இருந்தன. வெட்டாமல் அவற்றை யாரும் வாசித்திருக்க முடியாது. முன்னுரை மட்டும் திறந்திருந்தது. பதியுதீன் நெடுநேரம் அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சவர பிளேட்டை எடுத்து வந்து, தாள் தாளாக வெட்டி வாசிக்கத் தொடங்கினார்.

அந்தப் பாகத்தில் சேந்தனின் படை எதிரியின் கோட்டை வாசலில் முற்றுகை போட்டு நின்றது. பசியில் பலர் ஓடிப்போக, சேந்தன் மட்டும் அசையாமல் நின்றான். புத்தகத்தில் இருந்தது அது.

காலிதீனின் விறாந்தையில் நின்று பதியுதீன் வேறொன்றைச் சொன்னார்.

"சேந்தன் காட்டிக்கொடுக்கிறான். படை முழுக்க வாசல்ல நிக்கக்குள்ள, அவன் மட்டும் முகத்த மூடிக்கொண்டு கோட்டைக்குள்ள போறான். எதிரி அவனுக்குச் சோறு போடுறான்."

அவர் காலிதீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தவன் என்றால் இப்போதே துள்ளி எழுந்திருப்பான். காலிதீன் துள்ளவில்லை. நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"ஓம்" என்றார். "சரி." சற்றுப் பொறுத்து, "ஏன் போனான் எண்டு சொல்லு" என்றார், கேள்வி கேட்கிறவரின் குரலில்.

"ஏன் எண்டு புத்தகத்தில இல்ல."

ஒன்பதாம் பாகம் அன்று கையில் கொடுக்கப்பட்டது. பதியுதீன் வீட்டுக்கு நடந்த நடையில் பல மாதங்களாக இல்லாத ஒரு துள்ளல் இருந்தது.

அதன் பிறகு அவர் இரண்டு கதைகளை வைத்திருந்தார். புத்தகத்தில் உள்ளதை ஒரு சொல் விடாமல் தனக்கென்று வாசித்தார். காலிதீனுக்கு வேறொரு கதை கட்டினார். கோட்டைக்குள் போன சேந்தனுக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை. அவன் குடித்த கோப்பையில் மற்றவர்கள் குடிப்பதில்லை. தெருவில் பிள்ளைகள் அவன் குருட்டுக்கண்ணைப் பார்த்துப் பழித்துக்காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் காலிதீன் கேட்டுக்கொண்டேயிருந்தார். அரசர்களின் பெயரும் வாளின் பெயரும் இப்போது அவருக்கு முக்கியமில்லை. ஒரே கேள்விதான்.

"ஏன் போனான் எண்டு இந்தப் பாகத்திலயாவது வருதா?"

"இல்ல" என்பார் பதியுதீன்.

பதினோராம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று காலிதீன் அசர் தொழுகைக்குப் போயிருந்தார். பதியுதீன் முற்றத்தில் நின்றார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜறா கதைத்தாள்.

"காக்கா, நீங்க சொல்ற கதை புத்தகத்தில இல்லியே."

பதியுதீன் பதினோராம் பாகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க தாள் வெட்டித் தந்த பொறகு ஒவ்வொண்டா நானும் வாசிச்சிக்கொண்டுதான் வாறன். அவர் கந்தோருக்குப் போன பொறகு. சேந்தன் எங்கயும் போகல்ல. வாசல்லதான் நிக்கான்."

"எண்டா உங்கட மனிசனுக்குச் சொல்லுங்க."

"சொன்னா அவர் வாசிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும் எண்டது அவருக்குத் தெரிஞ்சிரும். நீங்க கந்தோர் வாசல்ல வெச்சு அந்தச் சொல்லச் சொன்ன நாள்ல இரிந்து அவர் புத்தகம் தொட்ட இல்ல. ஏழாம் பாகத்தோட நிண்ட." திரை அசைந்தது. "சேந்தன் போனதுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லி உடுங்க. அதத்தான் பாத்துக்கொண்டிரிக்கார். ராவையில எழும்பி இரிக்கிற."

"அவர் ஏன் போன எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"பயத்தில. வேற என்ன."

"எண்டா அதுதான் காரணம். நான் ஏன் அதுக்கு மேல ஒரு காரணம் தேடிக் குடுக்கணும்?"

ஹாஜறா திரையை இழுத்து மூடினாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே சாதி மனிசர்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று தேத்தண்ணி வரவில்லை.

பதியுதீன் மனம் இளகவில்லை. பன்னிரண்டாம் பாகத்துக்குச் சொன்ன கதையில் சேந்தனை இன்னும் கேவலமாக்கினார். ஆனால் அதைச் சொல்லி முடித்தபோது காலிதீன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவர் கண்டார். தோற்றவனின் முகம் அப்படி இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்கு அது இனிக்கவில்லை. அதுவும் அவருக்குக் கோபத்தையே தந்தது.

பதின்மூன்றையும் கொடுத்து, பதினான்காம் பாகத்தை எடுத்துவந்து, நோன்புக்கு இன்னும் நாள் இருக்க வாசித்து முடித்துவிட்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து, மசூரையும் கூட்டிக்கொண்டு கந்தோர் வாசலுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த வாரம் காலிதீனின் கந்தோருக்குப் புதிய தலைமைக் கிளாக்கர் மாற்றலாகி வந்திருந்தார். கனகரெத்தினம், மட்டக்களப்பு ஆள், புத்தகப் பிரியர். இருள்நாட்டு வமிசத்தைத் தான் இரண்டு தடவை வாசித்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். காலிதீன் அடக்கமுடியாமல் அவரிடம் கேட்டுவிட்டார்: சேந்தன் ஏன் காட்டிக்கொடுத்தான்?

"என்ன காலிதீன் கதைக்கிறீர்?" என்றார் கனகரெத்தினம். "சேந்தன் எங்க காட்டிக்கொடுத்தவர்? அந்த வாசல்லயே நிண்டு செத்த மனிசன் அவர். அதத்தானே பன்ரெண்டாம் பாகத்தில வாசிச்சுப்போட்டு எல்லாரும் அழுற."

மற்ற மேசைகளில் சிரித்தார்கள். காலிதீன் சிரிக்கவில்லை. பேனையை மூடினார், எழுந்து வெளியே போனார். தெற்கே போகும் பஸ்ஸைப் பிடித்து சாய்ந்தமருதில் இறங்கி, ஒரு நாளும் கால் வைக்காத நஸீறாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நஸீறா முற்றத்தில் இருந்தாள். சத்தம் கேட்டு அச்சிமுகம்மதுவும் அடுத்த வளவிலிருந்து வந்தார்.

"ஒவ்வொரு பாகத்துக்கும் என்ட ஊட்டுக்கு வந்து, என்ட விறாந்தையில நிண்டு, எனக்கே ஏசியிரிக்காய்" என்றார் காலிதீன். "நான் அதக் குந்தியிரிந்து கேட்டிரிக்கன்."

"நீ வாசிச்சிரிந்தா அண்டைக்கே விளங்கியிரிக்கும்" என்றார் பதியுதீன்.

"நீ வாசிச்சியா? வாசிச்சவன் இப்பிடியா சொல்லுவான்? ஒரு பாகமும் நீ வாசிக்கல்ல. வாய்க்கு வந்தத அவிழ்த்துவிட்ட. பொய்க்காரன்."

பதினான்காம் பாகம் பதியுதீனின் கையில் இருந்தது. காலிதீன் அதைப் பிடித்து இழுத்தார். பதியுதீன் விடவில்லை. இரண்டு நடுவயது ஆண்கள் ஒரு கதைப் புத்தகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தில் சுற்றினார்கள். அட்டை கிழிந்து பதியுதீனின் கையில் வந்தது. புத்தகம் காலிதீனோடு போனது.

பதியுதீன் திரும்பிப் பார்த்தார். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நஸீறா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆக, வாசிச்சதும் பொய்" என்றாள்.

"நஸீறா, நான் எல்லாத்தையும் வாசிச்ச."

"மாடு திண்ட வயலுக்கும் பொய்தான் காவல் இரிந்த."

மசூரும் நம்பவில்லை. கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் நிபந்தனை, பொய்ப் பதில் சொன்னவனுக்கு வெற்றி இல்லை. வாசிக்காத புத்தகத்தை வாசித்ததாகச் சொல்லிக் கேள்வி கேட்டவனுக்கும் இல்லை என்றார். "ரெண்டு பேரும் இனி என்ட கடைப் பக்கம் வரப்படா" என்பதையும் தீர்ப்போடு சேர்த்துச் சொன்னார். கந்தோர் வாசலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. காலிதீன் பதினான்கு பாகங்களையும் கட்டிச் சந்தையில் ஒரு சரக்குக் கடைக்குப் பழைய கடதாசி விலைக்குப் போட்டுவிட்டார்.

பிறகு பதியுதீனுக்கு ஒரு நெல் ஆலையில் நிறுவை பார்க்கும் வேலை கிடைத்தது. காலிதீனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் மறுபக்கம் போவார். கந்தூரிகளில், கல்யாண வீடுகளில், பலர் சேர்ந்து சாப்பிடும் ஒரே சஹன் தட்டில் இருவரையும் குந்தவைக்காமல் பார்த்துக்கொள்வது ஊரவருக்கு ஒரு வேலையாகிப்போனது. பதியுதீன் அதன் பிறகு வேறு எந்தக் கதைப் புத்தகமும் வாசிக்கவில்லை.

1984இல் ஒரு காலை, நஸீறாவின் முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தார்கள். எதிர் வாங்கில் ஹாஜறா இருந்தாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நஸீறாவைப் பார்த்தபடி பதியுதீனிடம் கேட்டாள்.

"காக்கா, கடைசிப் பாகத்த நான் வாசிக்கல்ல. அதுக்கு முன்ன அவர் வித்துப்போட்டார். சூரியன் உதிச்சதா இல்லியா?"

"உங்கட மனிசன்ட்டக் கேளுங்க."

"அவருக்குத் தெரியாது. இந்த ஊருல உங்களுக்குத்தான் தெரியும். நீங்க பதினாலையும் வாசிச்ச ஆள்."

நஸீறா சட்டென்று கணவனின் பக்கம் திரும்பினாள். பதியுதீன் மருந்துத் துண்டை மடித்தார், விரித்தார். பிறகு, கோபமாகவே, சொல்லத் தொடங்கினார். தாழை ஏழு கடலையும் கடந்தாள். சூரியனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சூரியன் உதித்தது. ஆனால் இருட்டிலே பிறந்து வளர்ந்த சனங்களுக்கு அந்த வெளிச்சம் பொறுக்கவில்லை. பாதிப் பேர் குகைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தங்கள் முகங்களை முதல் தடவையாகப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். கொண்டுவந்தவளையே கல்லால் அடித்துத் துரத்தினார்கள்.

"அப்ப அவ?"

"திரும்பித் தோணியில ஏறுறா. அதோட முடியுது."

ஹாஜறா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "இது புத்தகத்தில உள்ளதா, நீங்க கட்டினதா?"

"புத்தகத்தில உள்ளது."

"நல்ல முடிவில்ல" என்றாள். தாதி கூப்பிட்டதும் எழுந்து போனாள். போகும்போது சலாம் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நஸீறா யன்னல் பக்கம் இருந்தாள். சாய்ந்தமருது நெருங்கும்போது அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மனிசிக்குச் சொன்னீங்களே" என்றாள். "எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல."

"கேக்காட்டி சொல்லப்படாதா?"

கொண்டக்டர் மணியடித்தார். நஸீறா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து இறங்கினாள்.